வலது தோள், இடது கண்

நைரி தன் கண்ணாடிக் கண்ணைக் கழற்றி என் வேலை மேசைமேல், உளிகளுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவே வைத்தார். அது சிப்பி ஓடு போல இரண்டு முறை ஆடி நின்று, கூரையைப் பார்த்தது.

“இது அலங்காரத்துக்கு மட்டும்தான். இன்னொண்ணு ஜோரா இருக்கு. அதுக்கு ஒரு துப்பாக்கி செஞ்சு கொடு, டூகல்.”

ஜனவரி மாதம், எங்கள் தென்கோடியில் நடுக்கோடை. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில்லாத கறுப்பு பனியன், அதில் ஒட்டிய கம்பளித் துணுக்குகள், உடம்பெல்லாம் ஆட்டுக் கொழுப்பின் வாசனை. அறுபத்தொரு வயது. கணவர் கிளைவ் இறந்தபிறகு ஆயிரத்து இருநூறு ஆடுகளையும் ஒரு குதிரையையும் தனியாகவே கட்டி மேய்ப்பவர். போன செப்டம்பரில் வேலிக்கம்பியை முறுக்கி இழுக்கும்போது அது அறுந்து சாட்டைபோல் திரும்பி, வலது கண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு இன்வர்கார்கில் மருத்துவமனைவரை தானே வண்டி ஓட்டிப் போனார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“இடது தோள்ல வெச்சுச் சுடப் பழகலாமே. ஆறு மாசத்துல கை வந்துடும்,” என்றேன்.

அவர் இடது கையைத் தூக்கினார். நெஞ்சு உயரத்தில் கை நின்றுவிட்டது. எட்டு வருடங்களுக்கு முன் குதிரை மேலே விழுந்த தோள் அது.

“உள்ள ஒரு தகடு, ஏழு ஸ்க்ரூ. துப்பாக்கி உதைச்சா ஏழும் ஒவ்வொண்ணா கழண்டு வெளிய வரும். முன்னாடி தாங்கிப் பிடிக்க மட்டும்தான் இந்தக் கை ஆவும்.”

வலது தோளில் வைத்து, இடது கண்ணால் பார்க்க வேண்டும். அது எப்படிப்பட்ட துப்பாக்கி என்று எனக்குத் தெரியும். குழலும் தொலைநோக்கியும் இடது கண்ணுக்கு நேரே நீண்டிருக்க, கைப்பிடிக்குப் பின்னால் மரக்கட்டை ஆற்று வளைவுபோல் ஒதுங்கி வலது தோளுக்குப் போக வேண்டும். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளின் படங்களில் ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். செய்ததில்லை. நான் நேரான துப்பாக்கி செய்கிறவன். குழலை மேல் நோக்கிப் பிடித்து, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் திறந்துவிட்டால் அது தன் எடையிலேயே வழுக்கி வர வேண்டும். மரமும் இரும்பும் சேரும் கோட்டில் ஒரு மயிரிழைகூட நுழையக் கூடாது. அந்த அழகுக்காகத்தான் என்னிடம் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

“அசிங்கமா இருக்கும், நைரி.”

“என் மூஞ்சியும்தான். ரெண்டுக்கும் பொருத்தமா இருக்கும்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பதினோரு வருஷமா சீட்டுப் பெட்டியில பேர் போட்டேன். கண்ணு போன மூணாவது மாசம் என் பேரு வருது. சங்கத்துல எல்லாரும் என்னை எப்படிப் பார்த்தானுங்க தெரியுமா? ‘பாவம்’னு. இந்த ஊர்ல என்னை யாரும் பாவம்னு சொல்லக் கூடாது.”

மலைகளுக்கு நடுவே உள்ள அந்தப் பள்ளத்தாக்கு ஏப்ரலில் பத்து நாட்களுக்கு ஒரே ஒரு குழுவுக்குத்தான் திறக்கும். ஆண் மான்கள் பெண் மான்களை அழைத்துக் கதறும் காலம் அது. எங்கள் வேட்டைச் சங்கத்தில் சீட்டுக் குலுக்கி ஒரு பெயரை எடுப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் மார்ச் கடைசி சனிக்கிழமை சங்கத்து மைதானத்தில் சுட்டுக் காட்ட வேண்டும். நூறு மீட்டர் தூரத்தில் தேநீர்த் தட்டு அகலத்தில் ஒரு இரும்புத் தகடு. மூன்று தோட்டாக்கள், மூன்றும் பட வேண்டும். இரண்டு வாய்ப்புகள். தவறினால் பள்ளத்தாக்கு அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர், கிளைவின் தம்பி பெவன். சங்கத் தலைவரும் அவர்தான்.

“அப்ப சரி, நிமிர்ந்து நில்லுங்க,” என்று அளவு நாடாவை எடுத்தேன். முழங்கை மடிப்பிலிருந்து விரல் முனை, தோள் குழியிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து கண். கண்மணிக்கும் கண்மணிக்கும் இடையே அறுபத்திரண்டு மில்லிமீட்டர். வலது பக்கத்துக்கு மேசையில் கிடந்த கண்ணாடிக் கண்ணை மாட்டச் சொல்லித்தான் அளந்தேன். அளவுகளைச் சுவரில் பென்சிலால் எழுதினேன். அந்த பனியனோடு அவரை அளந்தேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மரம்தான் முதல் கவலை. நேரான பலகையிலிருந்து வளைவை வெட்டி எடுத்தால் வளைவில் மர ஓட்டம் குறுக்கே அறுபடும். பத்தாவது தோட்டாவில் கைப்பிடி இரண்டாகப் பிளக்கும். மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். என் கொட்டகையில் ஒன்பது வருடமாக ஒரு வால்நட் பலகை இருந்தது. சின்ன வயதில் பனி அழுத்திச் சாய்த்துவிட, பிறகு தலை நிமிர்த்தி வளர்ந்த மரத்தின் அடிப்பகுதி. கோணல் என்பதால் ஒருவரும் வாங்கவில்லை. நான் அதன்மேல் பெயின்ட் டப்பாக்களை அடுக்கியிருந்தேன். டப்பாக்களை இறக்கி, ஈரத்துணியால் துடைத்தேன். காபிக் கறுப்பும் தேன் நிறமுமாக ஓடிய கோடுகள் வளைவு வந்த இடத்தில் ஒன்றுகூட அறுபடாமல், எல்லாம் சேர்ந்தே திரும்பின. ஒரு நொடி அதைத் தொடவே பயமாக இருந்தது.

அன்றிலிருந்து வேறு வேலை எடுக்கவில்லை. அவருடைய பழைய துப்பாக்கியின் இரும்பைப் பிரித்தெடுத்துப் புதுக் குழல் பொருத்தினேன். உதை குறைவான, ஏழு மில்லிமீட்டர் தோட்டாவுக்கான குழல். மண்ணெண்ணெய் விளக்கின் கரியை இரும்பில் பிடித்து, மரத்தில் குடைந்த பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பேன். எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சுரண்டல், வெங்காயத் தோல் கனத்துக்கு. மறுபடி கரி, மறுபடி அழுத்தல். ஒரு நாளைக்கு எழுபது எண்பது முறை. பன்னிரண்டாம் நாள், பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுத்தது. இரும்பை வைத்ததும் மரம் அதை உறிஞ்சிக்கொண்டதுபோல் ஒரு சின்ன ஓசை வந்தது.

பெவன் வந்தது பிப்ரவரி நடுவில். கையில் காகிதம் சுற்றிய சீஸ் ரோல். மேசை வைஸ் இடுக்கியில் கவ்வியிருந்த கட்டையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னப்பா இது, குழாய் வேலையில எறங்கிட்டியா? எங்க வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அடியில இப்படித்தான் ஒண்ணு வளைஞ்சு போவுது.”

“அதுவும் தண்ணி போற வழிதான் பெவன். வேலை செய்யுதுல்ல?”

அவர் சீஸ் ரோலை எனக்குப் பாதி கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம்.

“அண்ணிக்கு அறுபத்தொண்ணு. ஒரு கண்ணு, ஒரு கை. அந்தப் பள்ளத்தாக்குல நாலு எடத்துல ஆத்தைக் கடக்கணும். வீட்டுல உக்காருங்கன்னு நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க. துப்பாக்கி இல்லைன்னா அவங்களே உக்காந்துடுவாங்க.”

“உக்காந்தா பள்ளத்தாக்கு உங்களுக்கு.”

அவர் கழுத்து சிவந்தது. “அது சீட்டுல வந்த வரிசை. நான் கேட்டு வாங்கலை. நீ கொஞ்சம் யோசி. சங்கத்துக்காரங்க துப்பாக்கி எல்லாம் உன்கிட்டதான் வருது. இந்தக் கோணலைப் பார்த்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க.”

எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் என் உள்ளங்கை அந்த வளைவின் மேல் இருந்தது.

“பலகையை அறுத்தாச்சு பெவன். திரும்ப ஒட்ட முடியாது.”

அவர் போனபிறகு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கத் தொடங்கினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு, தோல் சூடாகும்வரை தேய்ப்பு, ஒரு நாள் காயவைப்பு, மிக நைசான உப்புத்தாள், மறுபடி ஒரு சொட்டு. கைப்பிடியிலும் அடிக்கட்டையின் தோளில் பதியும் பின்முகத்திலும் வைரக் கட்டங்களாகக் கோடு கீறினேன். பின்முகத்துக்கு மட்டும் மூன்று நாள். ரப்பர் தகடு வைத்து மறைத்திருக்கலாம். ஆனால் அந்த மரக் கோடுகள் கடைசிவரை ஓடி முடிவதை யாராவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் அது நேராக அவர் மூக்கை நோக்கி வந்தது. அதனால் நீளத்தில் ஆறு மில்லிமீட்டர் கூட்டிவைத்தேன்.

மார்ச் கடைசி சனிக்கிழமை தெற்கிலிருந்து காற்று அடித்தது. மழையும் பனியும் கலந்து குறுக்கே வந்தது. மைதானத்தில் முப்பது பேர், எல்லோரும் முழங்காலுக்கு வரும் தடித்த கம்பளிச் சட்டையில். சுடும் மைதானத்தின் பொறுப்பு ஹோனேவினுடையது. பழைய கசாப்புக்காரர், பெரிய உடம்பு, கழுத்தில் விசில்.

நைரி துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததும் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். பிறகு யாரோ சொன்னார்கள்:

“மூலை திரும்பிச் சுடலாம் போலிருக்கே!”

“தோட்டாவும் வளைஞ்சு போவுமா டூகல்?” என்றார் இன்னொருவர்.

“நேராத்தான் போவும்,” என்றார் நைரி. “குறுக்க வந்து நின்னு பாரு.”

ஹோனே மட்டும் அதைக் கையில் வாங்கி, போல்ட்டைத் திறந்து குழலைச் சோதித்து, வளைவில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். “நல்ல தொடைக்கறி மாதிரி இருக்கு,” என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நைரி சேற்றில் உட்கார்ந்து, முதுகுப் பையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்தார். விசில் ஒலித்தது. முதல் தோட்டா, தகட்டுக்குப் பின்னால் மண் தெறித்தது. இரண்டாவது, டங் என்று மணிச் சத்தம். மூன்றாவது மறுபடி மண்.

போன வாரம் இதே துப்பாக்கியை நானே பைகளின்மேல் கட்டிவைத்துச் சுட்டுப் பார்த்தேன். மூன்று தோட்டாவும் ஒரு நாணயத்துக்குள் விழுந்தன.

அவரிடம் ஓடினேன். “என்ன தெரியுது?”

“ஓரத்துல கறுப்பா ஒரு பிறை. தலையை நகர்த்தினா பிறையும் நகருது. கிரகணம் மாதிரி. கழுத்தை எட்டி எட்டிப் பாக்க வேண்டியிருக்கு.”

கண் தொலைநோக்கிக்கு எட்டவில்லை. கட்டை நீளமாக இருக்கிறது. அப்போதுதான் அவருடைய தோளைப் பார்த்தேன். கம்பளி உள்சட்டை, அதற்குமேல் விரல் கனத்துக்குக் கம்பளி மேல்சட்டை, நனைந்து ஊறிப்போனது. நான் அளந்தது ஒரு பனியனை.

எங்கள் ஊரில் இந்தத் தப்புக்குப் பெயரே உண்டு, ஜனவரி அளவு. யாராவது புதுசாகத் துப்பாக்கி வாங்கி ஏப்ரல் குளிரில் தடுமாறினால் எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். இருபது வருடத் தொழிலில் நானே எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

“மன்னிச்சுக்குங்க. உங்களை பனியனோட அளந்துட்டேன்.”

நைரி ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தார். “இவ்வளவுதானா? நான் கண்ணுதான் போச்சோன்னு பயந்துட்டேன்!” என்று மேல்சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

பெவன் குடையோடு வந்துவிட்டார். “அண்ணி, என்ன பண்றீங்க? வேட்டைக்குப் போற உடுப்புலயேதான் சுடணும். விதி.”

“தெரியும்டா.”

“அண்ணன் போட்ட விதி அது.”

“அதுவும் தெரியும். நான்தான் அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்தேன்.” பொத்தான்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டார்.

“போதும் அண்ணி. வாங்க, சூடா டீ குடிங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நீங்க முயற்சி பண்ணதே—”

“பாவம்னு சொல்லப் போறியா?”

பெவன் குடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஹோனே,” என்று கேட்டேன், “அடுத்த வாய்ப்புக்கு எவ்வளவு நேரம்?”

“அரை மணி.”

“கட்டையை மாத்தலாமா?”

பெவன் குறுக்கிட்டார். “அதெப்படி, நடுவுல—”

“விசில் என் கழுத்துல தொங்குது பெவன்,” என்றார் ஹோனே. “துப்பாக்கியை மாத்தக் கூடாதுன்னு விதி. அதைச் சீவக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

வண்டியின் பின்கதவை இறக்கி, போர்வையை விரித்து, போல்ட்டை உருவிவிட்டு துப்பாக்கியைக் கிடத்தினேன். அவரை மேல்சட்டையோடு நிறுத்தி அளந்தேன். சட்டைக்குப் பத்து, என் பயத்துக்கு ஆறு. பதினாறு மில்லிமீட்டர். சிம்பு தெறிக்காமல் இருக்க நாடா ஒட்டி, அதன்மேல் பென்சில் கோடு போட்டேன். பெட்டியிலிருந்து பல் பொடிசான ரம்பத்தை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. ஈரத்தில் அந்தக் கோடுகள் அன்று கொட்டகையில் முதல்முறை தெரிந்ததுபோலவே ஒளிர்ந்தன. நான் கீறிய வைரக் கட்டங்கள், மூன்று நாள். என்னைச் சுற்றி முப்பது பேர்.

“ஆறு மில்லியை எடுத்தா போல்ட் உங்க மூக்குல இடிக்கும். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தூக்கணும்.”

“இடிக்கட்டும். மூக்கால நான் பாக்கறதில்ல.”

“ரொம்ப அழகா வந்திருக்கு, நைரி...”

“அதனாலதான் சொல்றேன். அழகை நீ வெச்சுக்கோ. நீளத்தை வெட்டு.”

வெட்டினேன். வால்நட் தூள் ஈரப் போர்வையில் சாக்லேட் பொடிபோல் கொட்டியது. யாரும் கிண்டல் செய்யவில்லை. கடைசி இழையில் ரம்பம் நழுவ, பிஸ்கட் கனத்தில் ஒரு துண்டு போர்வையில் விழுந்தது. வெட்டுமுகம் மெருகில்லாமல், ரம்பப் பல்லின் வரிகளோடு இருந்தது. தண்ணீர் இறங்காமல் தடுக்க மெழுகு தேடினேன். நைரி சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை நீட்டினார். மாட்டு மடி வெடிப்புக்குப் போடும் களிம்பு.

“இதைப் பூசு. பசுவுக்கு ஒத்துக்கிட்டா துப்பாக்கிக்கும் ஒத்துக்கும்.”

மறுபடி சேற்றில் உட்கார்ந்தார். அடிக்கட்டை தோள் குழியில் போய்ப் பொருந்தியதைப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி தாயின் அடியில் முட்டி நிற்பதுபோல. முகம் தானாக வளைவின்மேல் சாய்ந்தது. கழுத்தை எட்ட வேண்டியிருக்கவில்லை.

“கிரகணம் விட்டுருச்சு,” என்றார்.

விசில்.

டங்.

முகத்தைத் தூக்கி, போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி சாய்ந்தார். டங்.

மூன்றாவதுக்கு நேரம் எடுத்தார். காற்று ஒருமுறை பலமாக வீசி, மைதானத்துக் கொடி முழுக்க விறைத்தது. அவர் காத்திருந்தார். பெவனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எதை வேண்டினார் என்று தெரியவில்லை. எனக்கு அந்தத் தகட்டைத் தவிர உலகத்தில் ஒன்றுமே இல்லை. கொடி தளர்ந்தது.

டங்.

ஹோனே விசிலை ஊத மறந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ கைதட்ட, நைரி திரும்பாமலே கையை உயர்த்தி அதை நிறுத்தினார். எழுந்தபோது மூக்குத் தண்டில் ரத்தம். அவசரத்தில் இரண்டாவது இழுப்பில் இடித்திருக்கிறது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நேராக வண்டிக்கு வந்து, போர்வையில் கிடந்த அந்த பிஸ்கட் துண்டை எடுத்தார். பெவனிடம் நீட்டினார்.

“இந்தா. பள்ளத்தாக்குல உன் பங்கு.”

முப்பது பேரும் சிரித்தார்கள். பெவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது, அடக்கிக்கொண்டார். சங்கத்தின் தாளில் ஹோனேவுக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். பேனா மழையில் எழுதாமல் மூன்று முறை கிறுக்க வேண்டியிருந்தது.

“குழுவுல நாலு பேருக்கு இடம் இருக்கு,” என்றார் நைரி பெவனிடம், துப்பாக்கியை உறையில் போட்டபடி. “என்னால பாரம் தூக்க முடியாது, தோள்ல ஸ்க்ரூ. முதுகு பலமா ஒரு ஆள் வேணும். ஆத்தை நாலு எடத்துல கடக்கணுமாம், உனக்குப் பயமில்லையே?”

ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கில் நைரி என் பட்டறைக்கு வந்தார். உதடெல்லாம் வெடித்து, மூக்கின்மேல் ஒன்றுக்கு மூன்றாகத் தழும்புகள். சாக்கில் சுற்றிய மான் தொடையை மேசைமேல் தொம்மென்று போட்டார். எட்டாம் நாள், எதிர்ச் சரிவில் கதறிக்கொண்டிருந்தது, ஒரே தோட்டா என்றார். பெவன் அதை இரண்டு நாள் சுமந்தாராம். ஆற்றில் ஒருமுறை விழுந்தாராம், அதையும் சொன்னார், ரசித்து.

நான் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். வளைவில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டுமுகம் மட்டும் களிம்பும் அழுக்கும் ஏறிக் கறுத்து, ரம்ப வரிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அவர் இல்லாத நாட்களில் மான் கொம்பில் ஒரு மெல்லிய தகடு அரைத்து வைத்திருந்தேன், அதை மூடுவதற்கு. எடுத்துக் காட்டினேன். உண்மையிலேயே அழகாக இருந்தது.

“எவ்வளவு கனம்?”

“மூணு மில்லி.”

அவர் துப்பாக்கியை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அடுத்தவனுக்கு வெச்சுக்கோ,” என்றார். “இது எனக்குச் சரியா இருக்கு.”